விற்கக் கூடாத பாட்டில்

1978 அக்டோபர் 14 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் எச்.ஆர். 1337. லாரி, பஸ், டிராக்டர் மீதான கலால் வரி, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்கு எரிபொருள் வரியைத் திருப்பித் தருவது என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பலதையும் ஒரே மூட்டையாகக் கட்டிய சட்டம் அது. கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனின் முயற்சியால் அந்த மூட்டைக்குள் ஒரு சின்னப் பிரிவும் இடம்பிடித்திருந்தது. அமெரிக்கர்கள் இனி வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ளலாம், வரி கிடையாது. வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். நம் கணக்கில் சுமார் 378 லிட்டர், 757 லிட்டர். 1979 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கண்டிப்பான நிபந்தனை ஒன்று உண்டு: விற்கக் கூடாது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நிபந்தனைதான். வீட்டில் காய்ச்சுகிறவர் வழக்கமாக ஒரு தடவைக்கு 5 காலன் காய்ச்சுவார். அது 355 மில்லி பாட்டில்களில் ஐம்பது வரை வரும். ஒரே சுவையில் ஐம்பது பாட்டிலை ஒரு ஆள் குடித்துத் தீர்ப்பது அலுப்பான வேலை. காசுக்குக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே கொடுத்தார்கள். வாங்கியவர் வெறுங்கையோடு போக மனமில்லாமல் தன் பாட்டிலைக் கொண்டுவந்தார். கூடவே, எத்தனை நிமிடம் கொதிக்கவைத்தாய், என்ன ஈஸ்ட் போட்டாய் என்ற கேள்விகளும் வந்தன. பாட்டில் ஒரு கை மாறும்போது செய்முறையும் மாறியது. வியாபாரமாக இருந்திருந்தால் அந்தச் செய்முறை பூட்டுக்குள் போயிருக்கும்.

வீட்டில் காய்ச்சுவது என்றதும் தமிழ் வாசகருக்குக் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வந்தால் அது நியாயமே. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பீர் வேறு வகை. முளைகட்டி உலர்த்திய பார்லியை (அதுதான் மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவது. கள்ளைப் போலப் புளித்துக் கிடைக்கும் பானம், ஆவியாக்கி வடிப்பதில்லை. வீட்டில் சாராயம் வடிப்பதற்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

அந்த அனுமதிக்கு அமெரிக்கர்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது வீடுகளின் நிலவறைகள் காய்ச்சும் கூடங்களாயின. பாப்ஸ்ட், ஆன்ஹைசர்-புஷ் போன்ற பெரிய பீர் கம்பெனிகளே மால்ட் பாகை டின்னில் அடைத்து மளிகைக் கடைகளுக்கு அனுப்பின. ரொட்டி சுடுவதற்கு என்று பெயர். ஆனால் பல டின்களில் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்திருந்தது; கசக்கிற பாகை ஊற்றி யாரும் ரொட்டி சுடுவதில்லை. ஒரு டின் பாகு, சில பவுண்டு சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், ஒரு மண் ஜாடி, அவ்வளவுதான் சாமான். ஜாடியில் புளித்து முடிவதற்குள் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் உள்ளே உட்கார்ந்து தின்று வாயுவைப் பெருக்கும். ராத்திரியில் நிலவறையில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். காலன் கணக்கில் வீட்டு பீர் புழங்கிய அந்த ஆண்டுகளில் நல்ல பீர் அபூர்வம். சர்க்கரை மிகுந்த அந்தப் புளிப்புச் சாறுதான் 'வீட்டு பீர்' என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்தைப் பின்னால் வந்த தலைமுறைக்கும் விட்டுச்சென்றது.

1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது. குடும்பத் தேவைக்கு வீட்டில் வைன் செய்துகொள்ள வரிவிலக்கு கிடைத்தது. பீருக்குக் கிடைக்கவில்லை. திராட்சையை நசுக்கினால் குற்றமில்லை, பார்லியை ஊறவைத்தால் குற்றம் என்ற நிலை 45 ஆண்டுகள் நீடித்தது. யாரையும் தேடிப்பிடித்துச் சிறையில் தள்ளினார்கள் என்றில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்காத இடத்தில் நெடுங்காலம் கடையில்லை, புத்தகமில்லை, கூட்டமில்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்கு மட்டும் சொன்னார்.

தெரிந்தவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பது அதைவிடப் பழைய கதை. முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் பீர் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ். ஜெபர்சனின் உடைமையாக வைக்கப்பட்டிருந்த அடிமை அவர். பிரிட்டனோடு 1812-இல் தொடங்கிய போரால் அந்த வட்டாரத்தில் தங்க நேர்ந்த ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் தொழில் கற்றார். 1820-இல் இன்னொரு முன்னாள் அதிபரான ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் ஆளை இங்கே அனுப்புங்கள், எங்கள் ஆள் கெட்டிக்காரர், நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்றார் ஜெபர்சன். அடுத்த ஆண்டு செனட்டர் ஜேம்ஸ் பார்பர் செய்முறை கேட்டபோது, தன்னிடம் செய்முறை என்று ஏதும் இல்லை, எழுதிவைத்ததைப் பார்த்து மால்ட் செய்வதும் பீர் காய்ச்சுவதும் கைகூடுமா என்பதே சந்தேகம் என்று பதில் எழுதினார். இன்று 'ஜெபர்சனின் பீர்' என்று பேசுகிறார்கள். அந்த பீர் இருந்தது பீட்டர் ஹெமிங்ஸின் கையில். எஜமானரிடம் எழுதிக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1970-களுக்கு வருவோம். பிரிட்டனில் 1963-இலேயே நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு பீருக்கு இருந்த லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டார். அங்கே மருந்துக்கடையான பூட்ஸில்கூட பீர் காய்ச்சும் பெட்டி விற்றது. அமெரிக்காவில் வைன் சாமான் விற்ற கடைகளின் பின் அலமாரியில் மால்ட் டின்கள் நின்றன. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டைச் சேர்ந்த பிரெட் எக்ஹார்ட் லாகர் பீர் பற்றி 1970 வாக்கில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சர்க்கரையைக் குறை, ரொட்டி ஈஸ்ட்டைத் தூக்கிப் போடு, பாத்திரத்தைச் சுத்தமாக வை என்று சொல்ல அன்றைக்கு ஆள் தேவைப்பட்டது. கொலராடோ மாநிலத்தின் போல்டரில் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லி பாப்பஸியன் மாலை வேளைகளில் வகுப்பு எடுத்தார். அணுசக்திப் பொறியியல் படித்த அவர், பயந்து பயந்து காய்ச்சியவர்களிடம் கவலைப்படாதே, காய்ச்சினதில் ஒன்றை எடுத்துக் குடி என்றார். அந்த வகுப்புப் பாடங்கள் வளர்ந்து 1984-இல் வந்த புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. சட்டம் வந்த 1978-லேயே அவரும் சார்லி மாட்சனும் சேர்ந்து அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் 'சைமர்ஜி' என்ற இதழும் வெளிவந்தது.

ஆனால் சட்டத்துக்காகக் காத்திராதவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு சாமான் கடையை ஒட்டி 1974-இல் கூடிய மால்டோஸ் பால்கன்ஸ் கிளப், நாட்டிலேயே பழையது என்று பெயர் பெற்றது. அந்த மாதிரிக் கூட்டங்களில் அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஹாப்ஸ் எந்த ஆண்டு விளைந்தது என்று தெரியாது. பழசாகிப் பழுப்பேறிய கட்டியாக வரும். ஈஸ்ட் என்பது மால்ட் டின் மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் பொட்டலம். புத்தகம் ஒன்றோ இரண்டோ. அப்படிப்பட்ட காலத்தில் பக்கத்தில் இருப்பவர் பீர் உன்னுடையதைவிட நன்றாக இருந்தால், அவர் என்ன செய்தார் என்று கேட்பதைத் தவிர வேறு பள்ளிக்கூடம் கிடையாது. கிளப் மடலில் தட்டச்சு செய்து நகலெடுத்த செய்முறைகள் ஊர் ஊராகப் போயின. நகலின் நகலில் அளவு மங்கிப்போய், 6 அவுன்ஸா 8 அவுன்ஸா என்று தெரியாமல் காய்ச்சியவர்கள் இருந்திருப்பார்கள்.

அந்தச் சின்ன வட்டத்திலிருந்துதான் பெரிய தொழில் முளைத்தது. கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் பீரின் ருசி கண்டு வீட்டில் காய்ச்சப் பழகிய ஜாக் மெக்காலிப், 1976-இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற குட்டி பீர் ஆலையைத் தொடங்கினார். பால் பண்ணையின் பழைய சாமான்களை வாங்கி வெட்டி ஒட்டியதுதான் அதன் இயந்திரங்கள். 1982-இல் மூடிவிட்டார். அதே 1976-இல் சிகோ நகரில் வீட்டு பீர் சாமான் கடை போட்ட கென் கிராஸ்மன், 1980-இல் சியரா நெவாடா ஆலையில் முதல் பீரைக் காய்ச்சினார். 1970-களின் கடைசியில் நாடு முழுக்க நூறுக்கும் குறைவான பீர் ஆலைகளே மிஞ்சியிருந்தன. இன்று 9,000-க்கும் மேல்.

சியரா நெவாடா தன் பேல் ஏல் என்ற பீரைப் பாட்டிலுக்குள்ளேயே நுரை பிடிக்க வைத்தது. அதனால் பாட்டிலின் அடியில் உயிருள்ள ஈஸ்ட் மெல்லிய வண்டலாகப் படிந்திருக்கும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பீரைக் குடித்துவிட்டு அந்தக் கடைசி மடக்கைக் கொட்டாமல் வைத்து, ஆறிய மால்ட் சாற்றில் விட்டு ஈஸ்ட்டைப் பெருக்கினார்கள். பெருகியதைக் கிளப்பில் நாலு பேருக்கு ஜாடியில் பிரித்துக் கொடுத்தார்கள். உறைமோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவது நமக்கு எப்படியோ அப்படி. மால்ட் டின் பொட்டலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த ஒரு ஜாடி புதையல். அந்தச் சிகோ ஈஸ்ட்டின் வழிவந்ததாகச் சொல்லப்படும் வகைகள் இன்று உறைகளில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஜாடி எடுத்துக்கொண்டு யாரும் யார் வீட்டுக்கும் போகவேண்டியதில்லை.

இனி பாட்டிலின் பயணம். கூட்டாட்சி சட்டம் அனுமதித்தாலும் மாநிலங்கள் தம் விருப்பப்படி தடுக்கலாம். மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை தடுத்தன. அனுமதித்த மாநிலங்களிலும் சிக்கல் வந்தது. 2010-இல் ஓரிகன் மாநில அதிகாரிகள் சட்டப் புத்தகத்தை நுணுக்கமாகப் படித்து, வீட்டில் காய்ச்சிய பீர் வீட்டிலேயே குடிக்கப்பட வேண்டியது என்று பொருள் சொன்னார்கள். மாநிலத் திருவிழாவில் ஆண்டாண்டாக நடந்துவந்த போட்டி நின்றுபோனது. கிளப் கூட்டத்துக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போவதே மீறல் என்றானது. அடுத்த ஆண்டு சட்டசபை சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. ஒரு பாட்டிலை நண்பருக்குக் கொடுக்கும் உரிமைக்காகச் சாதாரண ஜனங்கள் சட்டசபை வரை போய் நின்றதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தூரத்து நண்பருக்கு அனுப்புவது இன்னும் கடினம். அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்காது. தனியார் கூரியர்களும் லைசென்ஸ் உள்ளவர்களிடம்தான் வாங்குகின்றன. முன்பெல்லாம் பெட்டிமீது 'ஈஸ்ட் மாதிரிகள்' என்று எழுதி அனுப்புவது இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அடியில் வண்டல் இருக்கிறதல்லவா, பொய்யில்லை என்பார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, உடைந்தாலும் ஒழுகாதிருக்கப் பெரிய பையில் கட்டி, ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராத அளவுக்குப் பெட்டியை அடைப்பார்கள். போட்டிக்குப் போகும் பாட்டிலில் லேபிள் இருக்கக் கூடாது. மூடியில் ஏதாவது அச்சிட்டிருந்தால் கறுப்பு மையால் அழிக்கவேண்டும். விவரச் சீட்டை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டுவார்கள், பசை கூடாது. யாருடையது என்று நடுவருக்குத் தெரியாமலிருக்க இத்தனை ஏற்பாடு.

1985-இல் நடுவர்களுக்கென்றே தேர்வும் தகுதிச் சான்றும் வந்தன. பி.ஜே.சி.பி. என்பார்கள். மதிப்பெண் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைக்கும் 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10. எண்ணைவிட எழுத்துதான் முக்கியம். முன்பின் தெரியாத ஒருவர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, உன் பீரில் பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கிறது, ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் எடுத்துவிட்டாய் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறார். ஈர அட்டை வாசம் என்றால் காற்றுப் பட்டுவிட்டது. வெந்த சோள வாசம் என்றால் கொதி போதவில்லை. இந்த மொழி அன்று இல்லை. 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பதோடு அன்றைய விமர்சனம் முடிந்துவிடும். கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்று 'பிரமாதம்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. இன்று குறையைச் சொல்வதும் மரியாதைதான் என்ற பழக்கம் ஊறியிருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நடந்த மாற்றங்களில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அதை நேரில் பார்த்தேன். போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் சித்தி மகன் ஒரு கிளப்பில் இருக்கிறான். நாகர்கோவில்காரன். "அண்ணே, குடிக்காட்டியும் பரவாயில்ல, வந்து பாருங்க, இவங்க பேசுறதக் கேளுங்க" என்று அழைத்துப் போனான். ஒருவரின் கராஜில் மடக்கு மேசைகள், நடுவே ரொட்டித் துண்டு, தண்ணீர்க் குடுவை, மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி. அவன் கொண்டுபோனது உடன்குடிக் கருப்பட்டி போட்ட போர்ட்டர் என்ற கறுத்த பீர். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பெரியவர், பல ஆண்டு நடுவர். கிளாஸில் இரண்டு விரற்கடை ஊற்றி, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்ததும் மூக்கை உள்ளே விட்டார். குடிக்கவேயில்லை. "வெண்ணெய்" என்றார். இவன் முகம் வாடியது.

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த வாசம் டைஅசிட்டைல். ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாவது. அவசரப்படாமல் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்றுவிடும். கடைசியில் இரண்டு மூன்று நாள், வைத்திருக்கும் இடத்தின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பொறுத்திரு, போய்விடும். அப்புறம்தான் குடித்தார். இன்னொரு மடக்கும் குடித்தார். இந்த வெல்லம் என்ன என்று கேட்டார். பனையின் பதநீரைக் காய்ச்சுவது என்று இவன் சொன்னதும் காகிதத்தை எடுத்துக்கொண்டார். அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும், புகை வாசமும் லேசான உப்பும்தான் நிற்கும், அதனால் பீர் மெலிந்து போகிறது. பார்லியை 68 டிகிரி செல்சியஸில் ஊறவை, உடம்பு கூடும். வறுத்த பார்லியைக் குறை, அது கருப்பட்டியை மூடிவிடுகிறது. கருப்பட்டியைக் கொதியின் கடைசியில் போடு. இவன் எழுதிக்கொண்டே வந்தான். கடைசியில் அவர், ஒரு கட்டி எனக்குக் கிடைக்குமா என்றார்.

நான் ஊர் திரும்பியபின் போனில் சொன்னான்: "அண்ணே, பெரியவரு நம்ம கருப்பட்டியப் போட்டு ஒண்ணு காய்ச்சிக் கொண்டாந்தாரு. என்னோடதவிட நல்லா இருந்துச்சு. எப்படிச் செஞ்சாருன்னு முழுசா எழுதியும் குடுத்துட்டாரு."

செய்முறைக்கு இன்று பஞ்சம் இல்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையே 2012 செப்டம்பரில் தன் தேன் பீர்களின் செய்முறைகளை வெளியிட்டது. தேன் அங்குள்ள தேனீப் பெட்டியிலிருந்து எடுத்தது. ரஷ்யன் ரிவர் ஆலையின் வின்னி சிலுர்சோ, ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிய தன் பிளைனி தி எல்டர் பீரின் வீட்டு அளவை 2009-இல் சைமர்ஜி இதழில் கொடுத்தார். 2016-இல் ஸ்காட்லாந்தின் புரூடாக் கம்பெனி அதுவரை காய்ச்சிய இருநூறுக்கும் மேற்பட்ட பீர்களின் செய்முறைகளை மொத்தமாகத் திறந்துவிட்டது. ஹாப்ஸ் பொட்டலம் நைட்ரஜன் அடைத்து, கசப்பு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டு வருகிறது. தண்ணீரின் உப்புவரை கணினி கணக்கிட்டுச் சொல்கிறது. ஒரே மின்சாரப் பாத்திரத்தில் ஊறல், வடிகட்டல், கொதி மூன்றும் நடக்கின்றன. அன்றைக்கு ஒருவர் பத்தாண்டு காய்ச்சி எட்டிய சுத்தத்தை இன்று புதிதாக வருகிறவர் முதல் பாட்டிலிலேயே எட்டிவிடுகிறார்.

செய்முறை இப்படிக் கொட்டிக் கிடப்பதால் அதற்காக ஆளைத் தேடிப் போகும் தேவை குறைந்துவிட்டது. ஆனால் தன் நாக்கையே நம்பிக் காய்ச்சுகிறவருக்குத் தன் பீரின் குறை தெரியாது. பழகிய வாசம் மூக்குக்கு எட்டுவதில்லை. செய்முறையைக் கணக்கிடும் கணினியால் ஒரு பாட்டிலை மோந்து பார்த்து 'வெண்ணெய்' என்று சொல்ல முடியவில்லை. ஜெபர்சன் 1821-இல் எழுதிய சந்தேகம் இந்த இடத்தில் இன்றும் செல்லுபடியாகிறது.

பீரின் மோஸ்தர் மாறியதும் பாட்டில் பரிமாற்றத்தை அசைத்துப் பார்த்தது. முன்பு பார்லி வைன் போன்ற கனத்த பீரைக் கொடுத்து, ஒரு வருஷம் இருட்டில் வைத்திருந்து திற என்பார்கள். இப்போது பலர் காய்ச்சுவது ஹாப்ஸ் மிகுந்த, பழச்சாறுபோல் கலங்கிய ஐ.பி.ஏ. இதற்கு ஆக்சிஜன் பகை. அடைக்கும்போது கொஞ்சம் காற்றுப் புகுந்தாலும் சில வாரத்தில் மாம்பழ மஞ்சள் மங்கிச் சாம்பல் பழுப்பாகும், வாசம் செத்துப்போகும். அதனால் பலர் பாட்டிலை விட்டுவிட்டு கெக் என்ற எஃகுப் பீப்பாயில் வைக்கிறார்கள். கொடுப்பதென்றால் கார்பன் டை ஆக்சைடால் காற்றை வெளியேற்றி அன்றன்றே டின்னில் அடைத்து, இந்த வாரமே குடித்துவிடு என்று தருகிறார்கள். கொடுத்து ஒரு வருஷம் பொறுத்துப் பேசிய நட்பு ஒரு வார அவசரத்துக்குள் வந்திருக்கிறது. சோனோமாவிலும் சிகோவிலும் முளைத்தது எல்லா ஊரிலும் மரமானதால் வேறொரு விளைவும் வந்தது. தெருமுனையிலேயே நல்ல பீர் கிடைக்கும்போது எதற்கு ஒரு சனிக்கிழமையைச் செலவழித்துக் காய்ச்சவேண்டும்? கடையில் கிடைக்காததைக் குடிக்கத்தான் அன்று காய்ச்சினார்கள்.

2017-இல் வீட்டில் காய்ச்சுவோர் 11 லட்சம் பேர் என்று அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் மதிப்பிட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சாமான் கடைகள் பல மூடின. நாம் இழப்பது கடையை மட்டும் இல்லை என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹாப்ஸ் வாங்க வந்தவர், வியாழக்கிழமை வரும் இன்னாரிடம் இதைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போன இடம் அந்தக் கல்லா மேசை. பெட்டியில் வீட்டுக்கே வரும் சாமானோடு அப்படியொரு மேசை வருவதில்லை. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது கிளப்காரர்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் பாட்டிலை வைத்துவிட்டுப் போய், திரையில் முகம் பார்த்து ஒன்றாகத் திறந்தார்கள். மேசை இல்லாவிட்டாலும் பரிமாற்றத்தை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

காய்ச்சுவதற்கு இன்று ஆள் வேண்டியதில்லை, சுவைத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். பெரிய போட்டிக்கு நூற்றுக்கணக்கில் பாட்டில்கள் வருகின்றன; ஒரு நடுவர் ஒரே அமர்வில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் உருப்படியாகச் சுவைக்க முடியாது. கிளப் கூட்டங்களில் நரைத்த தலைகளே மிகுதி. நடுவராக விரும்புகிறவர் முதலில் கணினிவழித் தேர்வு எழுதவேண்டும்: 60 நிமிடத்தில் 180 கேள்வி. தேறினால் சுவைத் தேர்வு: 6 பீர், 90 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் தாள். என் சித்தி மகன் முதல் தேர்வைத் தாண்டிவிட்டான். சுவைத் தேர்வு நடக்கும் இடங்கள் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். இடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியவர் பெயர் மறைத்த ஆறு பாட்டில்களைக் கொண்டுவருகிறார். இவன் எழுதுகிறான், அவர் சிவப்பு மையில் திருத்துகிறார்.